முடிவில்லாத விளையாட்டு

திங்கட்கிழமை, முதல் பாடவேளை. படிவம் நான்கு வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அது முதல் முறையன்று. எழுப்பி, "இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேட்டேன். "மூணு மணி, டீச்சர்," என்றான். காரணத்தையும் மறைக்காமல் சொன்னான். இணையத்தில் பலர் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தானாம்.

நான் வழக்கமான அறிவுரையைத் தொடங்கினேன். நேரம் வீணாகிறது, கண் கெடுகிறது, தேர்வு நெருங்குகிறது என்றெல்லாம் சொன்னேன். அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும், "நீங்க ஒரு தடவையாச்சும் விளையாடிப் பார்த்திருக்கீங்களா, டீச்சர்?" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. "இல்லை" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

அந்த 'இல்லை' என்னை உறுத்தியது. வாசிக்காத நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குக் கற்பிப்பவள் நான். ஆகவே, ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதும் அதே விளையாட்டை என் மடிக்கணினியில் பதிவிறக்கம் செய்தேன். இரண்டு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவது என்பது என் திட்டம். ஆனால், நான்கு மாதம் ஆடினேன். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் நல்லவை என்றாகிவிடும்.

இவ்வகை விளையாட்டுகள் நேற்று முளைத்தவை அல்ல. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்டில் என்னும் இரு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கினர். அதில் படமே கிடையாது. நிற்கும் இடம் எப்படிப்பட்டது என்பதைத் திரை எழுத்தில் சொல்லும். எந்தப் பக்கம் போவது, எதை எடுப்பது என்று ஆடுபவர் தட்டச்சு செய்வார். ஆனால், ஒரே கற்பனை உலகில் ஒரே நேரத்தில் பலர் நடமாட முடிந்தது. அந்தப் புதுமைதான் பின்னாளில் 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்', 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' எனப் பெரிதாக வளர்ந்தது.

என் பாத்திரத்துக்கு 'முல்லை' என்று பெயரிட்டேன். தமிழ் எழுத்தை அந்த விளையாட்டு ஏற்கவில்லை. ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. வாளேந்தும் வீரர், வில்லாளி, மந்திரவாதி, காயம் ஆற்றுபவர் என்று பல தொழில்கள் இருந்தன. எனக்கு யாரையும் வெட்டத் தோன்றவில்லை. காயம் ஆற்றுபவளாக இருக்கத் தீர்மானித்தேன். முதல் இரவு ஒரு மீனவர் கிராமத்தில் தொடங்கியது. கிழவர் ஒருவர் தொலைத்த வலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். மழை பெய்தது. கூரைமேல் விழும் மழையின் ஓசையைக் கேட்பதற்காகவே சிறிது நேரம் ஒரு குடிசைக்குள் நின்றேன். மணி பார்த்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அன்றிரவு ஐந்து நிலைகள் ஏறியிருந்தேன். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் மணி ஒலித்தது, ஒளி சூழ்ந்தது, புதிய ஆற்றல் ஒன்று கிடைத்தது. இதை நான் எள்ளி நகையாடப்போவதில்லை. எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டுரை திருத்தி வருகிறேன். ஒரு மாணவர் வாக்கியப் பிழையின்றி ஒரு பத்தி எழுதுவதற்கு ஓராண்டு உழைக்க வேண்டியிருக்கும். அந்த ஓராண்டில் அவருக்காக எந்த மணியும் ஒலிப்பதில்லை. முயற்சி செய்தால் உயர்வு உண்டு என்று நாம் வாயால் சொல்கிறோம். விளையாட்டோ அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டிவிடுகிறது. இளையோர் எதை நம்புவார்கள்?

அந்த 'மட்' விளையாட்டை உருவாக்கிய பார்டில், 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோரை அதில் நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளிகளையும் நிலைகளையும் குவிக்க விரும்புவோர் ஒரு வகை. புதிய இடங்களையும் இரகசியங்களையும் தேடுவோர் இன்னொரு வகை. மற்றவரோடு பழகுவதற்காகவே வருவோர் மூன்றாம் வகை. பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்போர் நான்காம் வகை. நான் இரண்டாம் வகை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். மூன்று வாரத்தில் மூன்றாம் வகை ஆகிவிட்டேன்.

காரணம், குழு. பெரிய அரக்கர்களைத் தனியாக வீழ்த்த முடியாது. அதற்காகப் பதினான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்தேன். ஈப்போவில் லாரி ஓட்டும் ஒருவர், சபாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, பினாங்குத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் எனப் பலரும் இருந்தனர். மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் எல்லாரும் என்னைக் 'காக் முல்லை' என்று அழைக்கத் தொடங்கினர். லாரி ஓட்டுநர் சில நாள் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியிலிருந்து ஆடுவார். தம் மகளுக்குப் பல் முளைத்த செய்தியை எங்களிடம் சொன்னார். "திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் உண்மையான நண்பர்கள் அல்லர்" என்று இதற்குமுன் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர்கள் உண்மையானவர்கள்தாம். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் குழு இரவு ஒன்பதரைக்குக் கூடும். காயம் ஆற்றுபவர்கள் இருவரே. ஒருவர் வராவிட்டால் மற்ற பன்னிருவரும் ஆட்டம் தொடங்க முடியாமல் காத்திருப்பார்கள். நான் ஐந்து நிமிடம் தாமதித்தால், "காக் எங்கே?" என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். யாரோ என்னை எதிர்பார்க்கிறார்கள் என்பது எவ்வளவு இனிய கட்டாயம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தேர்வு வருகிறது என்ற அறிவுரை ஏன் அந்த மாணவனின் காதில் ஏறவில்லை என்பதும் புரிந்தது. நான் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினேன். அவனோ, தன்னை நம்பியிருக்கும் ஆட்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான்.

விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் நுழைந்தால் ஒரு பரிசு. ஏழு நாள் தொடர்ந்து நுழைந்தால் பெரிய பரிசு. ஒரு நாள் விட்டால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியாது. சென்ற நூற்றாண்டில் பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு சோதனைகள் செய்தார். எப்போது இரை வரும் என்று கணிக்க முடியாதபடி கொடுத்தால், அவை சலிக்காமல் திரும்பத் திரும்ப முயலும் என்று அவர் கண்டார். நானும் பெட்டியைத் திறந்துகொண்டே இருந்தேன். நான் எலி அல்லள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

மொழி ஆசிரியராகிய என்னைக் கவர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' சோதனை நிலையில் இருந்தபோது, நெடுநேரம் ஆடுவோர்க்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆடுவோர் சற்று ஓய்வெடுக்கட்டும் என்பது நோக்கம். ஆனால், ஆடியவர்கள் அதைத் தண்டனையாகக் கருதி வெறுத்தார்கள். வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குறைந்த புள்ளியை 'வழக்கமான அளவு' என்றார்கள். அதிகப் புள்ளியை 'ஓய்வெடுத்து வந்தவருக்குக் கூடுதல் பரிசு' என்றார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான். சொல் மட்டும் மாறியது. முணுமுணுப்பு அடங்கிவிட்டது. சொல்லின் ஆற்றலை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பாடநூலில் கிடைத்ததில்லை.

இப்போது நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

என் அம்மா தெலுக் இந்தானில் தனியாக இருக்கிறார். தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும், இரவு ஒன்பதரை வாக்கில் எனக்கு அழைப்பார். அப்பா இறந்த நாளிலிருந்து அது வழக்கம். முல்லை பிறந்த பிறகு அந்த உரையாடல் குறையத் தொடங்கியது. முதலில் பதினைந்து நிமிடம், பிறகு ஐந்து. பள்ளி திறந்த பின் ஓர் இரவு, "என்ன பாப்பா, தாள் திருத்துறியா?" என்று கேட்டார். "ஆமாம்மா," என்றேன். திரையில் ஓர் அரக்கன் தீ உமிழ்ந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவரே, "நீ வேலையா இருப்பே, நான் சும்மாதான் கூப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தாமாகவே பேச்சைச் சுருக்கிக்கொள்வார். நானும் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, அவ்வப்போது "ம்" கொட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானாக அழைத்தேன். "இப்ப நல்லாத் தெரியுது பாப்பா. சுவர்ல இருக்கிற நாள்காட்டியில சின்ன எழுத்துகூடத் தெரியுது," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதன்கிழமை அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் போயிருக்கிறார். "ஏம்மா என்கிட்ட சொல்லலே?" என்று பதறினேன். "சொன்னேனே. போன வாரமே சொன்னேன். நீ 'ம்'னு சொன்னியே," என்றார். குறையாகச் சொல்லவில்லை. என் வேலைப்பளுவைப் பற்றிக் கவலைப்பட்டார். அந்தக் கவலைதான் என்னைச் சுட்டது.

இந்தக் கட்டுரையை ஒரு கதையாக எழுதியிருந்தால், அன்றே விளையாட்டை அழித்தேன் என்று எழுதியிருப்பேன். உண்மை அப்படியில்லை. திங்கட்கிழமை இரவு ஒன்பதரைக்கு மீண்டும் குழுவில் இருந்தேன். வார இறுதியில் மட்டும் ஆடுவது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை ஏழு நாள் பரிசு போய்விடுமே என்று 'நுழைந்துவிட்டு வெளியேற' நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்தே வெளியேறினேன். இப்படியே மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரத்தில்தான் ஒன்று தெளிவாயிற்று. பூப்பந்து ஆட்டம் மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடும். காற்பந்தாட்டத்தில் நடுவர் விசில் ஊதுவார். பல்லாங்குழியில்கூட காய் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. தோற்றவர் வீட்டுக்குப் போகலாம், வென்றவரும் போகலாம். நான் ஆடியதில் இறுதி நிலையை எட்டியவர்களுக்குப் புதிய நிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். அதில் விசில் ஊத எவரும் இல்லை. ஆடுபவர் இருக்கும் வரைக்கும்தான் நிறுவனத்துக்கு வருமானம். அதில் சதி ஒன்றும் இல்லை, அது வியாபாரம். ஆனால், விசிலை நாமே ஊத வேண்டும் என்பதை ஆடத் தொடங்கும்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அரசாங்கம் ஊதட்டும் என்று சிலர் கூறுவர். தென் கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு அச்சட்டம் கைவிடப்பட்டது. சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் என்று விதித்தது. சட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வயது வந்த என்னை எந்தச் சட்டம் தடுத்திருக்கும்?

உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதைச் சேர்த்துள்ளது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடப்பில் உள்ளது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு முதன்மை தருவது, கேடு தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டுக் காலமேனும் அவை நீடித்திருக்க வேண்டும். ஆகவே, நான் நோயாளி அல்லள். ஆடுவோரில் மிகப் பெரும்பாலோரும் நோயாளிகள் அல்லர். ஆனால், நோய் இல்லை என்பது மட்டும் போதுமா? நோயே இல்லாமல்தானே நான் என் அம்மாவின் கண்ணைத் தவறவிட்டேன்.

விலகும்போது சொல்லிக்கொள்ளாமல் மறைந்துவிடத்தான் முதலில் எண்ணினேன். பதின்மூன்று பேரைக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு குழுவிடம் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. பிறகு லாரி ஓட்டுநர், அன்று சண்டை வேண்டாம் என்றார். எல்லாரும் முல்லை முதலில் தோன்றிய அந்த மீனவர் கிராமத்துக்கு வந்து, கடற்கரையில் வரிசையாக நின்றார்கள். போகிறவளுக்கு எந்தப் பயனுமில்லாத பரிசுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். சபா மாணவி தன்னிடமிருந்த ஒரே வெள்ளிக் குதிரையைக் கொடுத்தாள். "செலாமாட் ஜாலான், காக்," என்று திரை நிறைந்தது. நான் அழுதேன். கணக்கை அழிக்கும் பொத்தானை அழுத்தியபோது, உறுதிதானா என்று விளையாட்டு மூன்று முறை கேட்டது. சேரும்போது ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவனை நடைகூடத்தில் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். என் நேர்மையைப் பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எந்த நிலை வரைக்கும் போனீங்க, டீச்சர்?" என்பதுதான். "47," என்றேன். "நாலு மாசத்துல 47-ஆ?" என்று வியந்தான். நான் அடைந்த உயர்வை யாரோ ஒருவர் மதித்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். பிறகு அவனைப் பேசவிட்டேன். முப்பது பேர் கொண்ட குழுவுக்கு அவன் தலைவன். யார் எந்த நாள் வருவார், யாருக்குத் தேர்வு, யாருக்கு இரவு வேலை என்பதையெல்லாம் ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறான். இருவருக்குள் சண்டை வந்தால் சமாதானம் செய்து வைக்கிறான். என் வகுப்பில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கத் தயங்குகிறவன் இவன்.

பள்ளியில் யார் அவனுக்காகக் காத்திருந்தோம்? அவன் வராத நாளில், வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழுவதைத் தவிர வேறென்ன நடந்தது? விளையாட்டு மாணவர்களைப் பறித்துக்கொள்கிறது என்று பெரியவர்களாகிய நாங்கள் குறை கூறுகிறோம். எங்கள் பக்கம் அவர்களுக்கென்று ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தோமா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்வதில்லை. அந்த ஆண்டு தமிழ்மொழிக் கழகத்தின் நாடகத்துக்கு ஒத்திகை அட்டவணையை அவனிடம் ஒப்படைத்தேன். நடிக்கச் சொல்லவில்லை. ஒருவரும் ஒத்திகையைத் தவறவிடவில்லை. ஒரு நாள் நான் தாமதமாகப் போனதற்கு எனக்கே செய்தி அனுப்பினான்.

அவன் இன்னும் ஆடுகிறான். பள்ளி நாள்களில் பதினொரு மணிக்கு வெளியேறுவதாகச் சொல்கிறான். சில திங்கட்கிழமைகளில் கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நான் எழுப்புகிறேன், அவன் சிரிக்கிறான். அவனுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். உன்னை நம்பி முப்பது பேர் இருப்பது பெரிய விஷயம். அவர்களிடமே "இத்தனை மணிக்கு முடிக்கிறோம்" என்று சொல்லும் அதிகாரமும் தலைவனாகிய உன்னிடம்தான் இருக்கிறது என்றேன். அதை அவன் யோசிக்கவில்லை போலும். இரண்டு வாரம் கழித்து, குழுவுக்கு முடிவு நேரம் வைத்ததாகவும், அதனால் நான்கு பேர் வேறு குழுவுக்குப் போய்விட்டதாகவும் சொன்னான். அந்த நால்வருக்காக அவன் வருந்தியது உண்மை.

நானும் சில இரவுகளில் அந்தக் குடிசைக் கூரையின் மழையோசையை நினைத்துக்கொள்கிறேன். இப்போது ஒன்பதரைக்கு அம்மாவின் அழைப்பு வருகிறது. தொடரில் மருமகள் செய்த கொடுமை, சந்தையில் மீன் விற்ற விலை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாம் வரிசையாக வரும். குட்டிகளின் நிறத்தைக்கூட இப்போது துல்லியமாகச் சொல்கிறார். பத்தே காலுக்கு அவரே, "சரி பாப்பா, போதும், போய்ப் படு," என்று வைத்துவிடுவார்.